பெண் கேட்கப் போய்ப் பூட்டனைத் தேடியது

என் தாத்தாவின் அப்பா எந்த ஊரில் பிறந்தார் என்று தெரியாததால் எனக்குப் பேசிய கல்யாணம் ஒருமுறை நின்றுபோனது. நின்றது உங்கள் அம்மாவோடு நடக்க இருந்த கல்யாணம்தான். பிறகு அது நடந்துவிட்டது என்பது உங்களைப் பார்த்தாலே தெரியும். நடுவில் என்ன ஆயிற்று என்பதை நீங்கள் இரண்டு பேரும் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா ஒரு மாதிரி சொல்வாள், நான் ஒரு மாதிரி சொல்வேன். அதனால் உட்கார்ந்து எழுதிவைக்கிறேன். எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கதையைத் திருத்தாதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. சங்கராபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் நம் ஊர். நிலம் கிடையாது. குடியிருக்கும் மனை, அதில் ஒரு கூரை வீடு, ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு, அவ்வளவுதான். வெட்டுக் காலத்தில் ஊரார் கரும்பை ஏற்றிக்கொண்டு நானும் என் அப்பாவும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போவோம். ஆலைக்கு வெளியே வண்டிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கும். நம் முறை வர ஒரு பகல் முழுக்க ஆகும். மாட்டை அவிழ்த்து, தோகையைப் போட்டுவிட்டு, வண்டி நிழலில் கிடப்போம். அந்த வரிசையில்தான் என் அப்பாவும் உங்கள் அம்மாவின் அப்பாவும் பழக்கமானார்கள். அவர் ஆலைக்குப் பக்கத்து ஊர், கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. இரண்டு பேரும் மாட்டின் பல்லைப் பற்றியும் கொம்பைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் முன்னால் வண்டி நகர்ந்ததுகூடத் தெரியாது. அவருக்குச் சோறு கொண்டுவருவது அவருடைய மகள். நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பிள்ளைகளுக்கு எழுதுவதில் இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஒருநாள் மேஸ்திரியே அப்பாவிடம், "ஒன் பையனுக்கு எங்கனா பொண்ணு பாக்கறியா, இல்ல மாட்டுக்குத்தான் ஜோடி தேடிக்கினு கீறியா?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். அப்படியே பேசி முடித்துவிட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை. ஆண்கள் பெண்கள் கேட்டிருப்பார்கள் என்று விட்டார்கள், பெண்கள் ஆண்கள் கேட்டிருப்பார்கள் என்று விட்டார்கள்.

ஆனி மாதம் தட்டு மாற்ற அவர்கள் வீட்டுக்குப் போனோம். நம் பக்கத்தில் தட்டை மாற்றுவதற்கு முன்னால் இரண்டு தரப்புப் பெரியவர்களும் எழுந்து, நாங்கள் இன்ன ஊர், இன்ன சாமியைக் கும்பிடும் வகையறா என்று சபையறியச் சொல்ல வேண்டும். பெண் வீட்டுப் பக்கம் ஒரு பெரியவர் எழுந்தார். அந்த வகையறாவில் வயதில் மூத்தவர் அவர்தான்.

"பொண்ணு வூட்டுக்காரங்க, மலையடிவாரம் பச்சையம்மனைக் கும்புடற வகையறா" என்றார்.

எங்கள் பக்கம் என் பெரியப்பா சொல்ல வேண்டும். எழுந்தவர் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னா நிக்கிற? சொல்லுப்பா" என்றார் அந்தப் பெரியவர்.

"இன்னாத்த சொல்றது? நாங்களும் அவளத்தான் கும்புடறோம்."

காப்பித் தம்ளர்கள் அப்படியே நின்றன. உங்களுக்கு இந்தக் காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் ஒரே ஆண் வழியில் வந்த பங்காளிகள். பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. மேஸ்திரி வீட்டார் பிழைப்புக்காக ஆலைப் பக்கம் குடிபோனதிலிருந்து பச்சையம்மன் கோயில் பொங்கலுக்கு வரவில்லை. அதனால்தான் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் போயிற்று. பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பழைய சேலை கட்டியிருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் காரியம் கெட்டது புரிந்தது.

தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அப்போது அந்தப் பெரியவரே தாடையைத் தடவிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"சின்னப் பையனா இருந்தப்போ இவங்க வூட்டுப் பானையைப் பாத்திருக்கேன். பொங்கலன்னிக்குப் பங்காளி பானை எல்லாம் ஒரே வரிசையா வெப்போம். இவங்க பானை மட்டும் கடைசியில, ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும். ஏன்னு எங்க அப்பனைக் கேட்டேன். அவருக்கும் தெரில. அப்டித்தான் வெக்கிறதுன்னாரு."

"அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"அர்த்தம் தெரிஞ்சா நான் ஏன் தாடையைத் தடவிக்கினு நிக்கிறேன்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "ஆனி முடியறவரைக்கும் பொறுப்பேன். ஆவணியில வேற எடத்துலேர்ந்து வராங்க. நீ பங்காளி இல்லன்னு காட்டு, பொண்ணைத் தரேன். பங்காளின்னா நீயும் எனக்கு மவன்தான். இப்ப சாப்ட்டுப் போ" என்றார். சாப்பிட்டோம். அப்படி ஒரு விருந்தை நான் எந்த எழவு வீட்டிலும் சாப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள் சைக்கிளில் அந்த ஊருக்குப் போனேன். உங்கள் அம்மா அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு பெண்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அவள் பம்பை அடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்:

"அண்ணனா இருந்தா பொங்கலுக்குச் சீர் கொண்டாரணும். மாப்பிள்ளையா இருந்தா தாலி கொண்டாரணும். ரெண்டும் இல்லாம வெறுங்கையா வந்து பம்பாண்ட நின்னா, குடமாவது தூக்கி விடணும்."

பெண்கள் சிரித்தார்கள். நான் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். "ஆனி இன்னும் பதினெட்டு நாள் கீது" என்று அவள் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

வீட்டில் அப்பாவைக் கேட்டேன். அவருக்கு அவருடைய தாத்தாவின் பெயர் தெரியும், வேறொன்றும் தெரியாது. அந்தத் தாத்தாதான் எனக்குப் பூட்டன். இதை விடச் சங்கடம், அப்பாவுக்குத் தேடவே இஷ்டமில்லை.

"எங்கப்பன் வெச்ச எடத்துல நான் பானை வெச்சிக்கினு வரேன். ஒரு முழம் தள்ளியோ ரெண்டு முழம் தள்ளியோ, அது எங்க எடம். நீ தோண்டிப் பாத்து, அது நம்ம சாமியே இல்லன்னு வந்துட்டா? பொண்ணு இல்லன்னா வேற பொண்ணு கெடைக்கும். சாமிக்கு நான் எங்க போறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபிறகு என் அம்மா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். "படிச்சவன்தானே, படி" என்று என் முன்னால் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பெட்டியில் குடும்ப அட்டை, மாட்டுச் சந்தைச் சீட்டுகள், என் எட்டாவது வகுப்பு மார்க்குத் தாள், எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய ஒரு பழைய காகிதம். பழுப்பு நிறத்தில், மடிப்பெல்லாம் ஓட்டை. எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புள்ளியே இல்லாமல் ஓடியது. எனக்குப் புரிந்தது "மனை" என்ற ஒரு வார்த்தைதான்.

அதை எடுத்துக்கொண்டு சங்கராபுரம் போனேன். பத்திர ஆபீசுக்கு எதிரில் ஸ்டாம்பு விற்று, பத்திரமும் எழுதிக்கொடுக்கும் பாய் ஒருத்தர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசுவார், கை ஓயாமல் எழுதும். காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னா தம்பி, செல்லுப்பூச்சிக்குப் பொட்டலம் கட்னியா இதுல?"

"எங்க பூட்டன் காலத்துது பாய்."

"பூட்டன் சாப்ட்டது கம்மி, பூச்சி சாப்ட்டது ஜாஸ்தி. சரி, உக்காரு."

அவர் விரலை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். நானும் கூடவே பார்த்தேன். அரை மணி நேரத்தில் எந்தச் சுழி எந்த எழுத்து என்று எனக்கும் பிடிபட ஆரம்பித்தது. நம் மனையை ஒருவர் என் பூட்டனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அது. எழுதிக்கொடுத்தவர் நம் ஊர்க்காரர், பச்சையம்மன் வகையறா. எனக்கு ஆண் பிள்ளை இல்லாதபடியால், நீ என் வீட்டில் இருந்துகொண்டு என்னைக் காப்பாற்றி வருகிறபடியால், நான் குடியிருக்கும் மனையை உனக்கு எழுதி வைத்தேன் என்று இருந்தது. நடுவில், "என்" என்ற வார்த்தைக்குப் பிறகு கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை. "என்" யார்? அதைப் பூச்சி தின்றுவிட்டது. என் பூட்டனுடைய தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடமும் போய்விட்டது.

"என் தம்பி மகன்னு இருந்திருக்கலாம். அப்போ நீ பங்காளிதான்" என்றார் பாய். "என் மருமகன்னு இருந்திருக்கலாம். அப்போ ஒங்க பூட்டன் வூட்டோட மாப்பிள்ளை. மாமனார் வூட்டுச் சாமி வேற, ஒங்க சாமி வேற. நீ தாராளமா கட்டிக்கலாம். இந்த ஓட்டைக்குள்ளதான் கீது ஒன் கல்யாணம்."

"இதுக்கு ஆபீசுல நகல் இருக்காதா பாய்?"

"இது கைப்பத்திரம். பதிவே பண்ணல. நம்பிக்கையில எழுதிக்கினது." சொல்லிக்கொண்டே காகிதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர் நிமிர்ந்தார். "இரு, இரு. சாட்சியைப் பாரு. ரெண்டு பேர் ஒங்க ஊரு. மூணாவது ஆள் மலைமேல ஊரு. கையெழுத்து இல்ல, ஒரு கீறல் போட்டிருக்காரு. கீழ ஒரு மனை எழுதறதுக்கு மலையில இருக்கறவரு ஏன் எறங்கி வந்து சாட்சி நிக்கணும்?"

வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயரும், அந்தச் சாட்சியின் பெயரும், அவர் தகப்பன் பெயரும் ஓட்டை விழாமல் முழுசாக இருந்தன. பாய் படித்ததற்குக் கூலி வாங்கவில்லை. "கல்யாணத்துக்குக் கூப்புடு. சோத்துல கழிச்சிக்கிறேன்" என்றார்.

பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழை வருமா வராதா என்பதற்கு அதைப் பார்ப்போம். வெள்ளிமலைவரை ஒன்றிரண்டு தடவை போயிருக்கிறேன், அதற்கு அப்பால் போனதில்லை. கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி வெள்ளிமலையில் இறங்கி, டீக்கடையில் வழி கேட்டு, இரண்டு மணி நேரம் நடந்தேன். கையில் வெற்றிலை பாக்கும், ஆலையடியிலிருந்து வாங்கிய ஒரு பெரிய அச்சு வெல்லமும் இருந்தன. அந்த ஊரில் பத்திரத்தில் இருந்த பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். அந்த வீட்டில் இப்போதும் அதே பெயரில் ஒருத்தர் இருந்தார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு. ஐம்பது வயதுக்காரர், களத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புளிக்கட்டையைக் கீழே வைத்தார்.

"கீழேர்ந்து வரவங்க ஒண்ணு புளி கேப்பாங்க, இல்ல கடுக்கா கேப்பாங்க. தாத்தாவக் கேட்டுக்கினு வந்தது நீ ஒருத்தன்தான்" என்றார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "இந்தா, கிடைக்காரர் வூட்லேர்ந்து வந்திருக்காங்க. சோறு போடு!"

எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத என் பூட்டன், அந்த வீட்டில் "கிடைக்காரர்" என்று பேச்சு வழக்கில் இருந்தார். மாட்டை மேய்த்து, பொழுது சாய்ந்ததும் ஒரே இடத்தில் அடைத்து வைப்பதுதான் கிடை.

சாப்பிட்டபிறகு அவர் பரணில் ஏறினார். அடுப்புக்கு நேர் மேலே, புகையில் கறுத்த ஒரு மூங்கில் குழாய் செருகியிருந்தது. அதற்குள் ஓலைகள். காட்டு எல்லை, பெண் எடுத்தது, கொடுத்தது, எல்லாம் அதில் இருக்கிறது என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எது எந்த ஓலை என்று நுனியை வைத்தே தெரியும். இரண்டு ஓலைகளைத் தனியே எடுத்தார். பச்சிலைச் சாற்றில் அடுப்புக் கரியைக் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தார். ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த ஓலையில் எழுத்து கறுப்பாக எழுந்து வந்தது. புகை அடித்த ஓலையைப் பூச்சி தொடவே இல்லை. நாங்கள் தகரப் பெட்டியில் பூட்டி வைத்துப் பூச்சிக்குக் கொடுத்தோம்.

பாயிடம் கற்றுக்கொண்ட கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நான் படிக்க ஆரம்பித்தேன். பொழுது சாயும்வரை பிடித்தது. தப்பாகப் படித்துத் திரும்பப் படித்து, சத்தமாகச் சொல்லச் சொல்ல அவரும் அவர் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஓலையில் என்ன இருக்கிறது என்று அவர்களும் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

முதல் ஓலை, என் பூட்டன் இந்த வீட்டாருக்கு எழுதிக்கொடுத்த உடன்படிக்கை. திருநாவலூரில் இருக்கும் இன்னார் மகன் இன்னார் என்று ஆரம்பித்தது. திருநாவலூர்! உளுந்தூர்பேட்டைப் பக்கம், நமக்கு எந்தச் சொந்தமும் இல்லாத ஊர். மாசி பிறந்ததும் கீழ்நாட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவேன், ஆடி வரைக்கும் உன் காட்டில் கிடை போடுவேன், சாணம் உனக்கு, எனக்குச் சாமைச் சோறும் படுக்க இடமும் என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி. எனக்கு ஏதாகிலும் ஆனால் திருநாவலூரில் என் தாயாருக்கு ஆள் அனுப்ப வேண்டியது, அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

அதுவரை என் பூட்டன் எனக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். அவரைப் பிடித்தால் கல்யாணம் நடக்கும். அந்த வரியைப் படித்தபோது, என்னைவிடச் சின்ன வயதுக்காரன் ஒருவன், மந்தையாக மாட்டை ஓட்டிக்கொண்டு, அம்மாவைத் தனியே விட்டுவிட்டு, நாலைந்து நாள் நடந்து இந்த மேட்டில் ஏறி வருவது தெரிந்தது. ஓலையை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னா, கண்ணுல கரி பட்டுச்சா?" என்றார் அவர்.

"ஆமாண்ணே."

இரண்டாவது ஓலை சின்னது, அதுவும் பூட்டன் எழுதிக்கொடுத்தது. நான் பெண் கட்டிய இடத்தில் மாமனாருக்கு ஆண்பிள்ளை இல்லை, வீட்டோடு இருக்கச் சொல்லுகிறார், என் தாயாரையும் அழைத்துவந்து வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், ஆகையால் இனி மலை ஏறுவதில்லை, சிவப்புப் பசுவையும் கன்றையும் உன்னிடமே விட்டேன். அவ்வளவுதான்.

அவர் எழுந்து வெளியே போய்க் கொட்டகையைக் காட்டினார். அங்கே நாலு மாடுகள் நின்றன, நாலும் சிவப்பு. "அந்தப் பசு வழிதான் இதெல்லாம்னு எங்கப்பா சொல்வாரு. சும்மா சொல்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். என் வம்சம் தெரியாமல் நான் அலைந்துகொண்டிருந்தேன். பூட்டன் விட்டுப்போன பசுவின் வம்சம் என் எதிரில் நின்று அசை போட்டது.

ஓலையைக் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் முடியாது என்றார். "ஓலை வூட்ட உட்டுத் தனியா போவாது. வேணும்னா அதுகூட நான் வரேன்."

அப்படியே வந்தார். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, மூங்கில் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அழைக்கப் போன என்னோடு பஸ் ஏறினார். கண்டக்டர், "இன்னாங்க அது, பைப்பா? லக்கேஜ் போடணும்" என்றார். "அது இவரு தாத்தா. அர டிக்கெட் போடுப்பா" என்றார் மலைக்காரர்.

பச்சையம்மன் கோயில் வேப்பமரத்தடியில் இரண்டு வீட்டாரும் கூடினார்கள். மேஸ்திரி வந்திருந்தார், தாடையைத் தடவும் அந்தப் பெரியவர் வந்திருந்தார், என் அப்பா அம்மா இருந்தார்கள். உங்கள் அம்மா வரவில்லை, வரக்கூடாது. நான் பத்திரத்தையும் படித்தேன், இரண்டு ஓலைகளையும் படித்தேன். பெயர் ஒத்துப்போனது. சாட்சி நின்றவரின் பேரனே ஓலையோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் இரண்டு தடவை திருப்பிப் படிக்கச் சொன்னார்.

"இப்ப புரியுது. மாமனாருக்குப் பொங்கல் வெக்கப் புள்ள இல்ல. மாப்பிள்ளையை வெக்கச் சொல்லியிருக்காரு. மாப்பிள்ளைன்றதால ஒரு முழம் தள்ளி வெச்சிருக்காங்க. அப்பால வந்தவங்க முழத்தை மட்டும் ஞாபகம் வெச்சிக்கினு ஆளை மறந்துட்டோம்" என்றார். "நீங்க பங்காளி இல்ல. எங்க வூட்டு மாப்பிள்ளை வழி."

மேஸ்திரி முகம் மலர்ந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. அப்போது பெரியவர் தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. தெரியாம வெச்ச வரைக்கும் சரி. தெரிஞ்சப்பறம் மாப்பிள்ளை வழி பங்காளி வரிசையில பானை வெக்க முடியாது. இனிமே பொங்கலுக்கு விருந்தாளியா வரணும்."

என் அப்பா பயந்தது அதுதான். அவர் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அந்த ஓலையைக் கொழாயில போட்ருங்க. யாரும் கேக்காத மாதிரி இருந்துடுவோம்" என்றார்.

"அது எப்டி? பானை வேணும்னா பொண்ணு இல்ல. பொண்ணு வேணும்னா பானை இல்ல. எது வேணும்னு நீயே சொல்லு. நாங்க சொல்ல மாட்டோம்" என்றார் பெரியவர்.

நான் வாயைத் திறந்திருந்தால் அப்பாவை எதிர்த்துப் பேசியதாக ஆகியிருக்கும். பின்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் அம்மாதான் பேசினாள். சபையில் அவள் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"இந்தா பாரு. நான் ஒன்னைக் கட்டிக்கினு வந்த அன்னிக்கே எங்கப்பன் வூட்டுச் சாமியை வாசல்லயே உட்டுட்டு வந்தேன். ஒரு நாள் அழுதேன். அப்பால ஒங்க பானைக்குத்தான் அடுப்பு ஊதிக்கினு கீறேன். எனக்கு இன்னா கொறைஞ்சி போச்சி? பொம்பளைங்க எல்லாரும் மாத்திக்கிறோம். ஒங்க தாத்தா ஆம்பளையா இருந்தே மாத்திக்கினாரு. ஒனக்கு மட்டும் இன்னா வந்துச்சி?"

மலைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு பெண்கள் பக்கம் சிரிப்பு. அப்பா திரும்பி என் அம்மாவைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்ட ஆள்போல இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். தட்டு நின்ற அன்றிலிருந்து அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சம்பந்தி, வெத்தலை எதுனா கொண்டாந்தியா, இல்ல சும்மாவே வந்தியா?" என்றார்.

மேஸ்திரி மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். அந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தம் என்று பேச்சு முடிந்தது.

மலைக்காரருக்கு மூன்று மணி பஸ். என் அப்பா அவரை வழியனுப்பக் கிளம்பினார். குழாயை நான் தூக்கிவருகிறேன் என்றேன், அப்பா கொடுக்கவில்லை. தானே தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். பஸ் போனபிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். மாற்றுத் துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு நாள் ஆயிற்று. மேஸ்திரி பந்தல் விஷயமாக வந்து, "சம்பந்தி எங்க?" என்றார். "மலைக்குப் போயிருக்காரு" என்றாள் அம்மா. "எப்ப வருவாரு?" "மாடு மேஞ்சி முடிஞ்சாத்தானே" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்தார். தாடி வளர்ந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது. கை கால் கழுவி, சோற்றில் உட்கார்ந்தார். நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"கிடை போட்ட எடத்தப் பாத்தியாப்பா? எப்டி கீது?"

அவர் ஒரு கவளத்தை மென்று விழுங்கினார்.

"நல்ல புல்லுடா" என்றார்.